கந்தகத்தால் வாழும் உயிர்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியானாலும் பழைய நகரத் தெருவானாலும், மூடிய கழிவுநீர்க் குழாயில் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால், அங்கே ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டு. குழாயின் மேற்சுவரில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அவ்வாயுவைக் கந்தக அமிலமாக்கி, காங்கிரீட்டை அரிக்கின்றன. இத்தகைய உயிர்களுக்குக் கந்தகம் எதற்கு என்பதை முதன்முதலில் விளக்கியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி.

இவர் 1856ஆம் ஆண்டு கீவ் நகரில் பிறந்தார். சட்டம் பயிலத் தொடங்கி அதனை விடுத்தார்; பியானோ இசை பயின்று அதனையும் விடுத்தார். இறுதியில் அறிவியலே அவரை ஆட்கொண்டது. 1885இல் ஸ்ட்ராஸ்பர்க் சென்று, தாவரவியல் அறிஞர் டி பேரியின் ஆய்வகத்தில் சேர்ந்தார். கந்தக ஊற்றுகளில் வெண்ணிழைகளாகப் படரும் பெக்கியடோவா என்னும் பாக்டீரியா அங்கே அவர் ஆய்வுப்பொருளாயிற்று.

நாற்றமுடைய வாயுவை இவ்வுயிரே உண்டாக்குகிறது என்பது அக்காலத்து அறிஞர் பலரின் கருத்து. வினோகிராட்ஸ்கி அதனை அப்படியே ஏற்கவில்லை. இழைகளைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, நீரை மாற்றி மாற்றி ஊற்றி, நுண்ணோக்கியில் பொறுமையுடன் நோக்கினார். சல்பைடு கலந்த நீரில் இழைகளுக்குள் கந்தகத் துளிகள் நிறைந்தன. சல்பைடு இல்லாத நீரில் அவை கரைந்து மறைந்தன, கந்தக அமிலம் தோன்றியது. துளிகள் தீர்ந்தபின் இழைகள் பட்டினியால் மடிந்தன. அவ்வாயு அவற்றின் கழிவன்று, உணவு! சல்பைடு கந்தகமாகும்போது சிறிதளவும், கந்தகம் சல்பேட்டாகும்போது அதனினும் மிகுதியாகவும் ஆற்றல் கிடைக்கிறது. ஆகவே அத்துளிகள் பஞ்சகாலத்துக்குச் சேர்த்த குதிர்நெல் போன்றவை. இம்முடிவு 1887இல் வெளிவந்தது.

அடுத்த ஆண்டு தயோதிரிக்ஸ் என்னும் மற்றோர் உயிருக்கும் அவர் பெயரிட்டார். பெக்கியடோவா சேற்றின்மீது ஊர்ந்து, சல்பைடும் ஆக்சிஜனும் சந்திக்கும் எல்லையைத் தேடும். தயோதிரிக்ஸோ கல்லைப் பற்றி நிற்கும். ஓடும் நீர் அவ்விரண்டையும் அதனிடம் கொண்டுவந்து சேர்க்கும். நீரில் மிதக்கும் நுண்ணுயிருக்கு அவ்வசதி இல்லை. தன்னைச் சூழ்ந்த நீரில் உள்ளதே அதற்கு உணவு. எனினும் ஒட்டியிருப்பவை அனைத்தும் செழிப்பதில்லை. படலம் தடித்துவிட்டால் அடியில் உள்ளவற்றுக்கு ஆக்சிஜன் எட்டாது.

பின்னர் சூரிச்சில், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் மண்வாழ் பாக்டீரியாக்களையும் ஆராய்ந்து புகழ்பெற்றார். 1905இல் ஓய்வு பெற்று, குடும்பப் பண்ணைக்குத் திரும்பினார். ரஷ்யப் புரட்சிக்குப்பின் அப்பண்ணையை இழந்து நாட்டைவிட்டு வெளியேறினார். அறுபத்தாறு வயதில், 1922ஆம் ஆண்டு, பாரிசின் பாஸ்டர் நிறுவனம் அவரை அழைத்தது. நெடுங்காலம் விட்டிருந்த நுண்ணோக்கியை மீண்டும் எடுத்து, மண்ணின் நுண்ணுயிர்களை ஆராயலானார். தம் ஆய்வுகளைத் தொகுத்த பெருநூலை 1949இல் வெளியிட்டு, 1953இல் பிரான்சில் மறைந்தார்.