காலுறைக்காரரின் மரத் தண்டவாளம்

சின்னமனூர் சுட்டிகளே, மேகமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வளைவிலும் வயிற்றுக்குள் என்னவோ செய்யுமே! வீரபாண்டி சித்திரைத் திருவிழா ராட்டினம் மேலிருந்து இறங்கும்போதும் அதே 'ஜிவ்'தான். அந்த 'ஜிவ்'வை 5 சென்ட் காசுக்கு விற்றுப் புகழ்பெற்றவர் லாமார்கஸ் தாம்சன்.

1848ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். 12 வயதிலேயே அம்மாவுக்கு வெண்ணெய் கடையும் கருவியும், அப்பாவுக்கு மாட்டு வண்டியும் செய்து கொடுத்தார். (உங்கள் வயதுதான்!) வளர்ந்ததும், தையலே இல்லாத காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கி நன்றாகச் சம்பாதித்தார். ஆனால் ஓயாத உழைப்பால் உடம்பு கெட்டது. தொழிலையே விட வேண்டியதாயிற்று.

பென்சில்வேனியா மாநிலத்தில் 1827இல் போட்ட ஒரு மலை ரயில் பாதை இருந்தது. நிலக்கரிப் பெட்டிகள் இன்ஜின் இல்லாமலே சரிவில் உருண்டு இறங்கும். காலிப் பெட்டிகளை மேலே இழுப்பது கோவேறு கழுதைகளின் வேலை. இறங்கும்போது அவையும் பெட்டியில் ஏறிச் சொகுசாக வரும்! பிற்காலத்தில் மனிதர்கள் காசு கொடுத்து அதில் ஏறினார்கள். தாம்சனுக்குப் பொறி தட்டியது இங்கேதான். மக்கள் மதுக்கடைக்குப் போகாமல் குடும்பத்தோடு சிரித்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்பது அவர் ஆசை.

1884 ஜூன் 16. நியூயார்க்கின் கோனி தீவுக் கடற்கரையில் அவருடைய மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 600 அடி. இரு முனையிலும் உயரமான மேடைகள். படியேறிப் போய், பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார வேண்டும். தள்ளிவிட்டால், மேடு பள்ளங்களில் அலைபோல ஏறி இறங்கி ஓடும். வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். சைக்கிளில் நீங்களே முந்திவிடலாம்! ஆனால் அன்று கூட்டம் அலைமோதியது. வசூல் ஒரு நாளுக்கு 600 டாலர் வரை போனது.

ஒரு குறை இருந்தது. சக்கரம் தேய்ந்து உரசும்போது வேகத்தில் கொஞ்சம் வீணாகிவிடும் அல்லவா? அதனால் வண்டி, புறப்பட்ட உயரத்துக்குத் தானாக ஏறாது. மறுமுனையில் எல்லோரும் இறங்க, ஆட்கள் அதை மேலே தள்ளிவிட வேண்டும். இதைப் போட்டியாளர்கள் கவனித்தார்கள். அதே ஆண்டு சார்லஸ் அல்கோக், புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வரும் பாதையைப் போட்டார். அடுத்த ஆண்டு பிலிப் ஹிங்கிள், வண்டியை இயந்திரத்தால் மேலே இழுத்தார். யாரும் நடுவில் இறங்க வேண்டாம். அப்புறம் தாம்சனின் பாதைக்கு யார் வருவார்கள்? சில ஆண்டுகளில் அது பிரிக்கப்பட்டது.

மனிதர் சோர்ந்துவிடவில்லை. 1887இல் அட்லாண்டிக் சிட்டியில் வேறு மாதிரி ஒன்று கட்டினார். வண்டி குகைக்குள் நுழையும். திடீரென விளக்குகள் எரிந்து, சுவரில் தீட்டிய காட்சிகள் தெரியும். வேகத்தில் தோற்றவர், வேடிக்கையில் ஜெயித்துவிட்டார்!

தாம்சன் 1919இல் காலமானார். அவருடைய முதல் பாதை இருந்த கோனி தீவில் 1927இல் 'சைக்ளோன்' என்ற மரத் தண்டவாள ரோலர் கோஸ்டர் எழுந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலும் அவருடைய பாணியில் 1912இல் கட்டிய ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் வண்டியின் நடுவில் நின்றுகொண்டே பிரேக் பிடிப்பார்.