ஊட்டியை உண்டாக்கிய கலெக்டர்

கோடை வந்துவிட்டால் ஊட்டிக்குப் போகிறோம். ஏரியில் படகு விடுகிறோம். காரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வாங்கி, மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்குகிறோம்.

அந்த ஏரியை உண்டாக்கியவர் யார்? சீமைக் காய்கறிகளை அங்கே பயிர் செய்து காட்டியவர் யார்? ஊட்டியில் முதல் பங்களா கட்டியவர் யார்?

மூன்றையும் செய்தவர் ஒரே ஆள். அவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர், ஜான் சல்லிவன். கோயம்புத்தூரில் கலெக்டராக இருந்தவர்.

15 வயதில் வேலை

சல்லிவன் 1788-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி லண்டனில் பிறந்தார். 15 வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலை கிடைத்தது. கப்பல் ஏறிச் சென்னைக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்தார். 1815-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஆனார்.

நீலகிரி அப்போது கோவை ஜில்லாவைச் சேர்ந்தது. கலெக்டர் கச்சேரியில் இருந்து பார்த்தால் வடக்கே மலை நீலமாகத் தெரியும். ஆனால் அதன் மேலே என்ன இருக்கிறது என்பது வெள்ளைக்காரர்களுக்குச் சரியாகத் தெரியாது. அடிவாரத்தில் அடர்ந்த காடு. அந்தக் காட்டில் ஓர் இரவு தங்கினாலே விஷக் காய்ச்சல் வந்துவிடும் என்று பயந்தார்கள்.

மலை மேலே ஆளே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தோடர்கள் எருமை வளர்த்தார்கள். படகர்கள் சாமையும் ராகியும் விளைவித்தார்கள். கோத்தர்கள் இரும்புச் சாமானும் மண்பானையும் செய்தார்கள். காட்டை ஒட்டிக் குறும்பரும் இருளரும் வாழ்ந்தார்கள். நெய்யைக் கொடுத்துத் தானியம் வாங்குவதும், தானியத்தைக் கொடுத்துப் பானை வாங்குவதுமாக அவர்கள் வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் நீலகிரியைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவது வழக்கம். அங்கே இருந்தவர்களுக்கு அது காணாமல் போயிருக்கவில்லையே!

1812-ல் கீஸ் என்ற நில அளவைக்காரர் மலைக்குப் போய் வந்தார். அவர் எழுதிய அறிக்கை கச்சேரியில் தூங்கியது. 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் மலை ஏறினார்கள். புகையிலைக் கடத்தல்காரர்களைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்றும் ஒரு கதை உண்டு. மேலே குளிர்ந்த காற்று, பச்சைப் புல்வெளி, தெளிந்த நீரோடை என்று அவர்கள் வந்து சொன்னதும் சல்லிவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மலை ஏறினார்

1819 ஜனவரியில் சல்லிவன் தானே புறப்பட்டார். சிறுமுகைப் பக்கமாக ஏறி, இன்றைய கோத்தகிரிக்கு அருகில் உள்ள திம்பட்டியை அடைந்தார். நல்ல பாதை கிடையாது. செங்குத்தான ஏற்றம். ஆனால் மேலே போய் நின்றதும் களைப்பு பறந்தது. கீழே வேர்த்து விறுவிறுத்தவர்கள் மேலே கம்பளியைத் தேடினார்கள்.

அந்த ஆண்டிலேயே லெஷனோ என்ற பிரெஞ்சு தாவர நூல் அறிஞரையும் சல்லிவன் மலைக்கு அழைத்துப் போனார். நோயாளியாக ஏறிய அவர், மலைக் காற்றில் தேறிவிட்டார். சல்லிவன் மனத்தில் ஒரு திட்டம் உதித்தது.

அந்தக் காலத்தில் கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் காய்ச்சலிலும் காலராவிலும் செத்து விழுந்துகொண்டிருந்தார்கள். வசதி உள்ளவர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை கப்பலில் போவார்கள். போகச் சில மாதம், வரச் சில மாதம், செலவோ ஏராளம். பக்கத்திலேயே குளிர்ந்த மலை இருக்கும்போது கடல் கடந்து போவானேன்? இதைத்தான் சல்லிவன் சர்க்காருக்கு எழுதினார். ஒரு முறை எழுதி விட்டுவிடவில்லை. அலுக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

முதலில் கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கு என்ற ஊரில் ஒரு பங்களா கட்டினார். பிறகு சிறுமுகையில் இருந்து திம்பட்டிக்குப் பாதை போட உத்தரவு வாங்கினார். மெக்பெர்சன் என்ற ராணுவ அதிகாரி வேலையை நடத்தினார். 1821-ல் தொடங்கி 1823-ல் முடிந்தது. பாதை வந்தது. பாதையோடு கூட்டமும் வந்தது.

கல் பங்களா

மலையின் நடுவே கிண்ணம் போல் ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் குன்றுகள். நடுவில் நீரோடை. 7 ஆயிரம் அடிக்கு மேல் உயரம். அங்கே தோடர்களின் மந்து ஒன்று இருந்தது. மந்து என்றால் அவர்களுடைய சிற்றூர். ஒத்தைக்கல் மந்து என்பதுதான் உதகமண்டலம் ஆயிற்று என்று சொல்வார்கள். வெள்ளைக்காரன் வாயில் அது ஊட்டக்கமண்ட் ஆகி, நம் வாயில் ஊட்டி ஆகிவிட்டது.

சல்லிவன் தோடர்களிடம் நிலம் வாங்கினார். ஏக்கர் 1 ரூபாய். 1822-ல் அங்கே கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். கல் வீட்டை அதற்கு முன் தோடர்கள் பார்த்ததில்லை. கல் பங்களா என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது அரசாங்கக் கலைக் கல்லூரி ஆயிற்று.

சல்லிவனின் மனைவி பெயர் ஹென்ரியட்டா. 1820-ல் திருமணம் நடந்தது. ஊட்டியில் குடியேறிய முதல் வெள்ளைக்காரப் பெண்மணி அவர்தான். அக்கம் பக்கத்தில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் அவர் குடித்தனம் நடத்தினார்.

சல்லிவன் வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார். சீமையில் இருந்து விதைகளை வரவழைத்தார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பழ மரங்கள் என்று ஒவ்வொன்றாகப் பயிர் செய்து பார்த்தார். எது பிழைக்கிறது, எது பட்டுப் போகிறது என்று கவனித்தார். நன்றாக வந்தவற்றை மலை விவசாயிகளிடம் கொடுத்தார். உருளைக்கிழங்கைப் படகர்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் ஊட்டிக் கிழங்கு என்றால் சந்தையில் தனி மதிப்பு இருக்கிறதல்லவா!

(மலர்க் கண்காட்சி நடக்கும் தாவரத் தோட்டத்தையும் சல்லிவன் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. அவர் ஊரை விட்டுப் போன பிறகு, 1848-ல் மெக்கைவர் என்பவர் அமைத்த தோட்டம் அது.)

ஏரி எதற்கு?

பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளைக் கரை போட்டுத் தடுத்து ஓர் ஏரி அமைத்தார் சல்லிவன். 1823-ல் வேலை தொடங்கி இரண்டொரு ஆண்டில் முடிந்தது.

படகு விட்டு விளையாடவா ஏரி அமைத்தார்? இல்லை. வறட்சிக் காலத்தில் கீழே சமவெளி விவசாயிகளுக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்பதே அவர் எண்ணம். மலை மேலே உட்கார்ந்திருந்தாலும் அவர் கோவை ஜில்லாவின் கலெக்டர். மலையில் பெய்கிற மழைதான் பவானியாக ஓடிக் கீழே வயலுக்குப் பாய்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஏரியின் கதையை இங்கேயே சொல்லிவிடலாம். முதலில் அது மிகப் பெரியதாய் இருந்தது. ஊர் வளர வளர ஏரி குறுகியது. ஒரு பக்கத்தைத் தூர்த்தார்கள். குதிரைப் பந்தய மைதானம் வந்தது. பிறகு பஸ் நிலையமும் வந்தது. ஏரி இருந்த இடத்தில்தான் பந்தயக் குதிரைகள் ஓடின. மிஞ்சிய நீரில் ஊர்ச் சாக்கடை கலந்தது. கோடப்பமந்துக் கால்வாய் வழியாக அழுக்கெல்லாம் வந்து சேர்ந்தது.

யாருடைய மலை?

1826-ல் கவர்னர் தாமஸ் மன்றோ ஊட்டிக்கு வந்து சல்லிவனுடைய விருந்தாளியாகத் தங்கினார். மன்றோவுக்கு ஊர் பிடித்துவிட்டது. கவர்னரே வந்து போன இடம் என்றால் கேட்க வேண்டுமா? அதிகாரிகள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். கடைத்தெரு முளைத்தது. வந்தவருக்கெல்லாம் வீடு வேண்டும். வீட்டுக்கு நிலம் வேண்டும். குளிர் காய விறகு வேண்டும்.

இங்கேதான் தகராறு பிறந்தது. மலை நிலம் யாருக்குச் சொந்தம்?

தோடர்களுக்குத்தான் சொந்தம் என்றார் சல்லிவன். அவர்களுக்குப் பணம் கொடுக்காமல் யாரும் ஒரு சாண் நிலம் எடுக்கக் கூடாது என்று வாதாடினார். எருமை மேய்க்கிறவனுக்கு நிலத்தில் என்ன உரிமை, மேய்க்கத்தான் உரிமை என்றார்கள் எதிர்க் கட்சியார்.

சல்லிவன் சொன்னது நியாயம். ஆனால் அவர் கையும் முழுச் சுத்தம் என்று சொல்வதற்கில்லை. 1 ரூபாய்க்கு 1 ஏக்கர் என்பது மிக மலிவு. நிலத்தை விலை பேசும் பழக்கமே இல்லாத மக்களிடம் வாங்கிய விலை அது. அவரே நிறைய நிலத்தை வளைத்துப் போட்டிருந்தார். எதிரிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தன் சொத்துக்காகவே தோடர் பக்கம் பேசுகிறார் என்று தூற்றினார்கள். ஆனால் வேறு வெள்ளைக்காரர்களும் நிலம் எடுத்தார்கள். மலைவாசியின் உரிமையை ஒப்புக்கொண்டு வாதாட அவர்களில் பலருக்கு வாய் வரவில்லை.

1827-ல் லஷிங்டன் கவர்னராக வந்தார். அவருக்கும் ஊட்டி மேல் ஆசை. சல்லிவன் மேல் ஆசை இல்லை! ராணுவ வீரர்களுக்கான ஆரோக்கிய ஸ்தலமாக ஊட்டியை மாற்றினார். மேஜர் கெல்சோ என்ற ராணுவ அதிகாரியிடம் ஊரை ஒப்படைத்தார். 1830-ல் மலையின் பெரும் பகுதியைக் கோவையில் இருந்து பிரித்து மலபார் ஜில்லாவுடன் சேர்த்துவிட்டார்கள். தான் உண்டாக்கிய ஊரில் சல்லிவனுக்கு அதிகாரம் இல்லாமல் போயிற்று. குன்னூர் வழியாகப் புதுப் பாதை போட்டார்கள். சல்லிவன் போட்ட பழைய பாதையில் கூட்டம் குறைந்தது.

சல்லிவன் சீமைக்குத் திரும்பினார். சில ஆண்டு கழித்து மீண்டும் வந்தார். சென்னையில் பெரிய பதவி கிடைத்தது. கவர்னரின் ஆலோசனைச் சபையில் உறுப்பினர் ஆனார். ஆனாலும் நில வழக்கில் அவர் கட்சி தோற்றது. 1843-ல் லண்டன் கம்பெனி டைரக்டர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே என்று முடிவாயிற்று.

இரண்டு சாவு

1838-ம் ஆண்டு சல்லிவன் குடும்பத்தில் இடி விழுந்தது. மனைவி ஹென்ரியட்டா இறந்தார். அதே ஆண்டு மகள் ஹாரியட்டும் இறந்தாள். ஊரார் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த ஊரில், அந்த ஊரை உண்டாக்கியவர் மனைவியையும் மகளையும் அடக்கம் செய்தார்.

அதன் பிறகு அவருக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. 1841-ல் வேலையை விட்டு, மற்றக் குழந்தைகளுடன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அங்கேயும் இந்தியாவை மறக்கவில்லை. இந்திய அரசர்களின் நாடுகளைக் கம்பெனி பறிப்பது அநியாயம் என்று 1853-ல் புத்தகம் எழுதி வெளியிட்டார். 1855 ஜனவரி 16-ந் தேதி காலமானார். லண்டனுக்கு அருகே ஸ்லவ் நகரத்தில் உள்ள மாதா கோவில் ஒன்றில் அடக்கம் செய்தார்கள்.

அப்புறம்?

விறகுக்காகச் சோலைக் காடுகளை வெட்டித் தள்ளினார்கள். காடு குறைந்ததும், 1840-களில் இருந்து ஆஸ்திரேலியாவின் சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டு வந்து நட்டார்கள். அவை புல்வெளிகளில் பரவின. எருமை மேய்ந்த இடமும் போயிற்று. புல்வெளியும் சோலையும் மழை நீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுபவை. அவை குறைந்தால் ஓடை வற்றும்.

1870-ல் ஊட்டி சென்னை சர்க்காரின் கோடைகாலத் தலைநகரம் ஆயிற்று. 1899-ல் குன்னூருக்கும், 1908-ல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. பிறகு பஸ், கார். ஓட்டல் மேல் ஓட்டல். 2009 நவம்பரில் பெய்த பேய் மழையில் மலைச் சரிவுகள் இடிந்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கடைசியில் கோர்ட்டு தலையிட்டது. சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் போகிறவர்கள் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று ஏற்பட்டது. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் போயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்கு வேலை நாட்களில் 6 ஆயிரம், சனி ஞாயிறுகளில் 8 ஆயிரம் வண்டிகள் என்று வரம்பு கட்டினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் அரசு பஸ்களுக்கும் அந்தத் தடை இல்லை. வரம்பு போட்டதில் வியாபாரிகளுக்கு வருத்தம். குடும்பத்தோடு கிளம்பியவர்களுக்கும் வருத்தம்தான். ஆனால் மலை மேலே தண்ணீர் கொஞ்சம், இடம் கொஞ்சம், சாலை ஒடுக்கம். ஊருக்குள் நுழைய முடியாமல் மணிக்கணக்கில் வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கன்னேரிமுக்கில் இடிந்து கிடந்த சல்லிவன் பங்களாவைப் பழுது பார்த்து நினைவகம் ஆக்கினார்கள். ஊட்டி தோன்றி 200 ஆண்டு ஆனதையொட்டி, 2022 மே மாதம் ஊட்டியில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

ஹென்ரியட்டாவும் மகளும் ஊட்டி ஸ்டீபன் மாதா கோவில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். மாதா கோவிலைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல்லறைகள் பின்பக்கச் சரிவில், மரங்களுக்கு நடுவே இருக்கின்றன. சிறிது தூரம் மேலே ஏற வேண்டும்.