ஐந்து நிமிஷக் கணக்கு: ஜிம் கிரே

டிபிஎம்எஸ் பேப்பருக்கு ரெய்டு லெவல் படம் எத்தனை தடவை வரைஞ்சிருப்பீங்க? எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி சீனியர் நோட்ஸ் ஜெராக்ஸைப் பார்த்து, சிலிண்டர் சிலிண்டரா போட்டு, ஸ்டிரைப்பிங், மிரரிங், பேரிட்டினு பேர் எழுதி, பெரிய மார்க் கேள்வியை ஒப்பேத்திட்டு வந்திருப்பீங்க. நானும் அதேதான். ஆனா நாளைக்கே ஒரு கம்பெனி உங்க கையில பணத்தைக் கொடுத்து, எங்க டேட்டாபேஸ் சர்வருக்கு டிஸ்க் வாங்கிப் போடுங்கனு சொன்னா என்ன பண்ணுவீங்க? எத்தனை டிஸ்க்? எந்த ரெய்டு? மெமரி எவ்வளவு? டேட்டா 1 டெராபைட்தானே, ஒரு 2 டெராபைட் டிஸ்க் போதுமேன்னு தோணுதா? அப்படித் தோணினா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இந்தக் கேள்விகளுக்கு யூகத்தில் பதில் சொல்லாமல், கணக்குப் போட்டுப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் ஜிம் கிரே. நம்மில் பலர் பால்வாடி போன காலத்தில், 2007-ல், அவர் கடலில் காணாமல் போனார்.

ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே பிறந்தது 1944 ஜனவரி 12, அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில். அப்பா ராணுவத்தில் இருந்ததால் குழந்தைப் பருவத்தின் முதல் சில வருஷங்கள் ரோமில். பிறகு அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட, ஆசிரியையான அம்மாவோடு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே திரும்பி வந்தார். விமானப்படை அகாடமியில் சேர ஆசைப்பட்டார், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. 1961-ல் பெர்க்லியில் சேர்ந்தார். அங்கேயும் கெமிஸ்ட்ரி மார்க்கைப் பார்த்து மனசு விட்டுப்போய் ஆறு மாசம் காலேஜை விட்டே போய்விட்டார். (முதல் செமஸ்டர் ரிசல்ட்டைப் பார்த்துட்டு ஊருக்கு பஸ் ஏறின நண்பர்கள் கவனிக்க!) வெளியே கம்பெனி வேலை அதைவிட மோசமா இருக்கவே திரும்பி வந்து படித்தார். 1966-ல் இன்ஜினியரிங் மேத்ஸ் பட்டம், 1969-ல் பிஎச்டி. பெர்க்லி பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் சயின்ஸில் கொடுத்த முதல் பிஎச்டி அதுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஐபிஎம்-மில் சேர்ந்து, சான் ஹோசே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ரிலேஷனல் மாடலை 1970-ல் எழுதிய எட்கர் காட் இருந்த அதே இடம். காட் சொன்னது கணிதம். அதை நிஜமாக ஓட வைக்க முடியுமான்னு பார்க்க ஐபிஎம் தொடங்கிய ப்ராஜெக்ட்தான் சிஸ்டம் ஆர். நாம இன்னைக்கு எழுதுற எஸ்க்யூஎல் அங்கே பிறந்தது. கிரேவின் பங்கு அதில் டிரான்சாக்ஷன்: லாக்கிங், ரெகவரி. ஒரு கணக்கிலிருந்து 500 ரூபாய் எடுத்தாச்சு, இன்னொரு கணக்கில் போடுறதுக்குள்ள கரண்ட் போச்சு. அந்த 500 எங்கே? இந்தச் சின்னக் கேள்விக்கு அவரும் கூட இருந்தவர்களும் உழைத்துக் கண்ட பதில்களைத்தான் நாம ஒரு யூனிட்டா படிக்கிறோம்.

ஆனா அந்த யூனிட்டுக்கும் டிஸ்க் வாங்குறதுக்கும் என்ன சம்பந்தம்னு புத்தகம் சொல்லாது. சம்பந்தம் இருக்கு. மாற்றத்தை டேட்டா பக்கத்தில் எழுதுவதற்கு முன்னால் லாகில் எழுத வேண்டும். லாக் டிஸ்க்கில் பத்திரமாக இறங்கின பிறகுதான் கமிட் ஆச்சுன்னு யூசருக்குச் சொல்லலாம். அப்படின்னா ஒவ்வொரு கமிட்டும் லாக் டிஸ்க்குக்காகக் காத்திருக்குது. லாக் எழுதுறது வரிசையா, ஒன்றன் பின் ஒன்றா நடக்கும். டிஸ்க்கின் கை நகரவே வேண்டாம். அதே டிஸ்க்கில் டேட்டா ஃபைலையும் வச்சா, டேட்டாவைத் தேடி கை அங்கேயும் இங்கேயும் ஓடும், லாக் எழுதத் திரும்பி வரணும், மறுபடி ஓடணும். லாகுக்குத் தனி டிஸ்க் கொடுங்கன்னு அனுபவசாலிகள் சொல்றதுக்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம், டேட்டா டிஸ்க் செத்தாலும் பழைய பேக்கப்பும் லாகும் இருந்தா கடைசி கமிட் வரை மீட்டெடுக்கலாம். ரெண்டும் ஒரே டிஸ்க்கில் இருந்தா ரெண்டும் சேர்ந்தே போகும். உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சர்வர்ல எப்படி இருக்குனு ஒரு தடவை திறந்து பாருங்க.

1980-ல் கிரே ஐபிஎம்-மை விட்டு டேண்டம் என்ற கம்பெனிக்குப் போனார். எதுவுமே நிற்கக் கூடாது என்பதற்காக ப்ராசஸரிலிருந்து டிஸ்க் வரை எல்லாவற்றையும் ஜோடியாக வைத்த மெஷின்களைச் செய்தவர்கள் அவர்கள். என்னைக் கேட்டா அவருடைய வாழ்க்கையில் ருசியான பத்து வருஷம் இதுதான். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் இங்கே வாடிக்கையாளரின் சர்வர் ரூமுக்குள் வந்துவிட்டார். கம்ப்யூட்டர்கள் ஏன் நிற்கின்றன என்று கேட்டு, டேண்டம் மெஷின்களின் பழுது அறிக்கைகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். 1985-ல் அந்த அறிக்கை வந்தது. ஹார்ட்வேர் பழுது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. நிர்வாகம், பராமரிப்பு, ஆபரேட்டர் கைத்தவறு இதெல்லாம் சேர்ந்து நாற்பது சதவீதத்துக்கும் மேலே! மிரர் செய்த டிஸ்க் ஜோடியில் ஒன்று செத்தால் இன்னொன்று காப்பாற்றும். தெரியாத்தனமா டேபிளை டிராப் பண்ணினா ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் போகும். ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்குனு கேட்கிற நண்பர் உங்க பேட்ச்சிலும் ஒருத்தர் இருப்பார். இதை அவருக்கு ஃபார்வர்டு பண்ணுங்க.

அதே வருஷம் இன்னொரு வேலையும் செய்தார். அப்போதெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் மெஷின்தான் வேகம் என்று தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணைச் சொல்லும். ஒப்பிட வழியே கிடையாது. கிரே ஒரு எளிய பேங்க் டிரான்சாக்ஷனை அளவுகோலாக வைத்தார்: பணம் போடு, எடு, கணக்கைத் திருத்து, வரலாற்றில் ஒரு வரி சேர். நொடிக்கு எத்தனை, நூற்றுக்கு 95 ஒரு நொடிக்குள் முடிகிறதா, அதற்கு மெஷின் விலை எவ்வளவு? பல கம்பெனி நண்பர்களின் கருத்தையும் வாங்கி, தன் பெயர் போடாமல், அனாமதேயம் மற்றும் பலர் என்ற மாதிரி கையெழுத்தோடு டேட்டாமேஷன் பத்திரிகையில் வெளியிட்டார். தேதி ஏப்ரல் 1. ஆனா விளையாட்டு இல்லை. 1988-ல் அமைந்த டிபிசி அமைப்பின் முதல் பெஞ்ச்மார்க் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இப்போ தலைப்புக்கு வருவோம். 1987-ல் கிரேவும் ஜான்ஃபிராங்கோ புட்சோலுவும் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு டேட்டா பக்கத்தை மெமரியிலேயே வச்சிருக்கணுமா, டிஸ்க்கில் போட்டுட்டு வேணுங்கிறப்போ எடுக்கணுமா? நாமா இருந்தா அனுபவம், யூகம்னு இழுத்திருப்போம். அவர்கள் கடை விலையைப் பார்த்தார்கள். அன்றைய டிஸ்க் 15,000 டாலர். நொடிக்கு 15 தடவை படிக்கும். அப்போ நொடிக்கு ஒரு தடவை படிக்கிற திறமையின் விலை 1,000 டாலர். அதை நடத்த வேண்டிய ப்ராசஸர், சேனல் செலவு இன்னொரு 1,000. மொத்தம் 2,000. மெமரி 1 மெகாபைட் 5,000 டாலர், அதாவது 1 கிலோபைட் 5 டாலர். ஒரு கிலோபைட் பக்கம் ஒன்றை 400 நொடிக்கு ஒரு தடவை தொடுகிறோம் என்றால், டிஸ்க்கில் அதற்கு ஆகும் பங்கு 2,000-ஐ 400-ஆல் வகுத்தால் 5 டாலர். மெமரியிலும் அதே 5 டாலர். அதைவிட அடிக்கடி தொட்டால் மெமரியில் வை; அதைவிட எப்போதாவதுதான் என்றால் டிஸ்க்குக்கு அனுப்பு. 400 நொடி ஆறரை நிமிஷத்துக்கு மேலே வருதேன்னு கால்குலேட்டரை எடுக்காதீங்க, அவர் தோராயமா ஐந்து நிமிஷம்னு வச்சுக்கிட்டார். ஐந்து நிமிட விதி என்றே பெயர் நின்றுவிட்டது.

இதில் எனக்குப் பிடிச்சது விடை இல்லை, விடை மாறும்னு தெரிஞ்சே போட்ட விதம். பத்து வருஷம் கழித்து 1997-ல் கோயட்ஸ் கிரேஃபேயுடன் உட்கார்ந்து புதிய விலையைப் போட்டுப் பார்த்தார். மெமரி விலை பாதாளத்துக்குப் போயிருந்தது, டிஸ்க்கும் மாறியிருந்தது, பக்கத்தின் அளவும் பெருசாகியிருந்தது. எல்லாம் சேர்ந்து வந்த விடை மறுபடியும் ஏறக்குறைய ஐந்து நிமிஷம்! ஃபிளாஷ் வந்த பிறகு கிரேஃபே மறுபடி அந்தக் கணக்கைப் போட்டார். அப்போது கிரே இல்லை.

டிஸ்க் வருஷாவருஷம் பெருசாகுது, ஆனா அதன் கை அந்த வேகத்துக்கு வேகமாகலை என்பதையும் விடாமல் எண்ணிக்கொண்டே இருந்தார். 2000-ல் பிரசாந்த் ஷெனாயுடன் எழுதிய கட்டுரையில், டிஸ்க் கொள்ளளவுக்கும் நொடிக்கு எத்தனை தடவை படிக்கலாம் என்பதற்கும் உள்ள இடைவெளி பத்து வருஷத்துக்குப் பத்து மடங்காக விரிகிறது என்று காட்டினார். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கு. உங்க டேட்டாபேஸுக்கு நொடிக்கு 700 படிப்பு, 300 எழுத்து தேவைன்னு வைங்க. ஒரு டிஸ்க் நொடிக்கு 100 செய்யும். மிரரிங்கில் ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு இடத்தில். 700 கூட்டல் 600, மொத்தம் 1,300. ஜோடியா வாங்கணும், அதனால 14 டிஸ்க். ரெய்டு 5-ல் ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய டேட்டாவைப் படி, பழைய பேரிட்டியைப் படி, புதுசு ரெண்டையும் எழுது என்று நாலு வேலை. 700 கூட்டல் 1,200, மொத்தம் 1,900. அதாவது 19 டிஸ்க். இடம் மிச்சம்னு ரெய்டு 5 போட்டவர் அதிக டிஸ்க் வாங்கணும்! உங்க 1 டெராபைட் டேட்டா ஒரே டிஸ்க்கில் அடங்கும், ஆனா வேலை அடங்காது. ரெய்டு 5 மாதிரி அமைப்பில் டேட்டாவைத் துண்டு துண்டா பிரிச்சுப் போடும்போது ஒரே கோரிக்கைக்குப் பல கைகள் வீணாகுதுன்னு கவலைப்பட்டு, 1990-லேயே டேண்டம் நண்பர்கள் இருவரோடு பேரிட்டி ஸ்டிரைப்பிங் என்று ஒரு மாற்று வழியும் சொல்லிப் பார்த்தார். அது பெருசா பரவலை. எஸ்எஸ்டி வந்து இந்த எண்களை மாத்திடுச்சுதான், ஆனா ரெய்டு 5-ன் அந்த நாலு வேலை அப்படியேதான் இருக்கு.

நடுவில் சில வருஷம் டிஜிட்டல் கம்பெனி. 1995-ல் மைக்ரோசாஃப்ட் சேர்ந்தார், ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே அவருடைய ஆய்வுக்கூடம் இருந்தது. 1998-ல் டூரிங் விருது. அதே வருஷம் டெர்ராசர்வர் வந்தது: செயற்கைக்கோள், விமானப் படங்களை எல்லாம் எஸ்க்யூஎல் சர்வரில் ஏற்றி, யார் வேணும்னாலும் தன் வீட்டுக் கூரையைப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். கூகுள் மேப்ஸ் வர இன்னும் ஏழு வருஷம் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தது 324 டிஸ்க், ஒவ்வொன்றும் 9 ஜிபி. கூட்டிப் பார்த்தா 3 டெராபைட்டுக்குக் கொஞ்சம் கம்மி. இன்னைக்கு நம்ம ஹாஸ்டல் ரூம் ஹார்ட் டிஸ்க்கில் அது அடங்கும். சில வருஷம் கழித்து அதே டெர்ராசர்வரை விலை உயர்ந்த பொது ஸ்டோரேஜ் அமைப்பிலிருந்து எடுத்து, சாதாரண சாட்டா டிஸ்க் போட்ட மலிவான பெட்டிகளில் ஒரே டேட்டாவை ரெண்டு இடத்தில் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். பெரிய விலைதான் நம்பகம் என்ற நினைப்பை அவரே உடைத்துப் பார்த்தார்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸின் அலெக்ஸ் சாலேயுடன் சேர்ந்து ஸ்லோன் வானாய்வுத் தொலைநோக்கியின் டேட்டாவுக்கு ஸ்கைசர்வர் கட்டியது 2001-ல். வானியலாளர்களிடம் கிரே முதலில் கேட்டது டேட்டா எத்தனை டெராபைட் என்று இல்லை. இந்த டேட்டாவிடம் நீங்கள் கேட்க விரும்பும் முக்கியமான இருபது கேள்விகளைச் சொல்லுங்கள் என்றார். டேபிள், இண்டெக்ஸ் எல்லாம் அந்த இருபதைச் சுற்றி அமைந்தது. டேட்டாவை ஊர் ஊராக அனுப்ப நெட்வொர்க் போதாதபோது, டிஸ்க் நிறைந்த முழு கம்ப்யூட்டரையே பெட்டியில் கட்டி கொரியரில் அனுப்பினார்கள். சிரிக்காதீங்க. 1 டெராபைட்டை 1 எம்பிபிஎஸ் லைனில் அனுப்பினால் 92 நாள் ஆகும். கொரியர்காரர் ரெண்டு நாளில் வந்துடுவார்.

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. கிரேவுக்கு வயது 63. அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைக்க, டெனேஷியஸ் என்ற தன் 40 அடி பாய்மரப் படகில் தனியாக ஃபாரலான் தீவுகளை நோக்கிப் போனார். கரையிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம்தான். சாயங்காலம் ஆகியும் திரும்பவில்லை. மனைவி தகவல் கொடுத்தார். கடலோரக் காவல்படை நான்கு நாள் தேடியது, சுமார் 1,32,000 சதுர மைல். நம்ம தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு பரப்பு. உதவி கேட்டு எந்த அழைப்பும் வந்திருக்கவில்லை, உடைந்த பலகையோ எண்ணெய்ப் படலமோ எதுவும் கண்ணில் படவில்லை.

பிறகு நண்பர்கள் தொடங்கினார்கள். செயற்கைக்கோளைக் கடல் பக்கம் திருப்பிப் படம் எடுத்தார்கள். நாசா விமானம் ஒன்றும் பறந்தது. படங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அமேசானின் மெக்கானிக்கல் டர்க்கில் ஏற்றினார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள், கிரேவை ஒருநாளும் பார்த்திராதவர்கள், ஆளுக்குக் கொஞ்சம் துண்டுகளை வாங்கி, வெள்ளையா நீளமா ஏதாவது புள்ளி தெரிகிறதா என்று பார்த்தார்கள். சந்தேகப்பட்ட துண்டுகளை நிபுணர்கள் மறுபடி பார்த்தார்கள். பிப்ரவரி 16-ல் நண்பர்களும் தேடலை நிறுத்தினார்கள். கடலடித் தரையில் தேடியது மே 31 வரை நடந்தது.

2012-ல் சட்டப்படி அவர் இறந்தவராக ஏற்கப்பட்டார். படகு கிடைக்கவில்லை.