கைப்பழக்கத்துக்குப் பின்னால் ஒரு டாக்டர்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வாய் வீட்டுக் கதை பேசும். விரல்கள் பருத்த பச்சைக் காயை ஒரு பக்கம் தள்ளும். வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் மறு பக்கம் ஒதுக்கும். பிசகு வராது.

புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு முதல் நாளே இந்த வேகம் வந்துவிடாது. கை தயங்கும். நாள் ஆக ஆகத்தான் கை தானாக ஓடும். இந்தக் கைப்பழக்கம் எங்கே சேர்த்து வைக்கப்படுகிறது?

மூளையில்தான். அதிலும் பின்தலையில் உள்ள சிறுமூளைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் இருக்கின்றன. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சில அணுக்களின் தொடர்பு பலப்படுகிறது. பிசகான அசைவுக்குக் காரணமான தொடர்பு தளர்கிறது.

இந்த மாற்றத்தில் முக்கியமான வேலை செய்வது பாஸ்பேட். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் நெல்லுக்கும் திராட்சைக்கும் மணிச்சத்து உரம் போடுகிறார்களே, அதில் இருப்பதும் இந்தப் பாஸ்பேட்தான். நரம்பு அணுவில் உள்ள புரதத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டால், பூட்டில் சாவி திரும்பியதுபோல் புரதத்தின் வேலை மாறும். பழக்கம் நெடுநாள் நிலைக்கப் புதுப் புரதங்களும் உண்டாகும்.

பாஸ்பேட்டைக் கொடுப்பது ஏ.டி.பி. என்ற பொருள். கையின் தசை அசையச் சக்தி தருவதும் அதுவே.

அந்த ஏ.டி.பி.யைக் கண்டவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர். அவர் பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

காசிக்கு ஓட்டம்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமாவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் வறுமை. காசியில் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். தாய் வெங்கம்மா அவரைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பினார்.

பரீட்சையில் தோற்றார். மறுபடியும் தோற்றார். மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறினார். மாநிலக் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மாமனார் பண உதவி செய்தார்.

கதர் அங்கி

காந்திஜியின் அழைப்பைக் கேட்டு, ஆபரேஷன் அறையிலும் கதர் அங்கி அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. நன்றாகப் பரீட்சை எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோயால் இறந்தனர். அந்தத் துயரம் அவர் மனதை விட்டு நீங்கவில்லை. நோய்களுக்கு மருந்து தேட வேண்டும் என்று உறுதி கொண்டார். மனைவியைப் பிரிந்து அமெரிக்கா சென்றார்.

இரவில் ஊழியர், பகலில் மாணவர்

பாஸ்டன் நகரில் கையில் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி எடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார்.

1925-ல் பேராசிரியர் பிஸ்கேயுடன் சேர்ந்து, இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் முறையைக் கண்டார். 1927-ல் இருவரும் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டனர். 1929-ல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதே ஆண்டில் அதைத் தனியாகக் கண்டார்.

மூளைக்குள் அது செய்யும் வேலை அன்று யாருக்கும் தெரியாது. பின்னால் வந்த விஞ்ஞானிகளே அதைக் கண்டறிந்தனர்.

மருந்துக்கு மேல் மருந்து

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர உத்தியோகம் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைத் தயாரித்தனர். தம் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கே அது மருந்தாயிற்று! யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் மாத்திரையும், ஆரியோமைசின் மருந்தும் அவர் தலைமையில் வந்தவையே.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் அவர் காலமானார். வயது 53. நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பவும் இல்லை. மனைவி சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவே இல்லை. 1995-ல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

போடியில் ஏலக்காய் பிரிக்க இன்று உட்காரும் பெண்ணின் கை முதலில் தயங்கும். பிறகு பழகும். மூன்றாம் முறை தேறிய மாணவர் கண்ட பொருள், அந்தக் கைக்கும் பழக்கத்தைத் தந்துகொண்டிருக்கும்.