388 பேருக்கு எதிரே ஒரு பெண்மணி!



வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். எல்லோரும் கையைத் தூக்குகிறார்கள். உங்களுக்கு மட்டும் அது சரியென்று படவில்லை. என்ன செய்வீர்கள்? அக்கம் பக்கம் பார்த்துவிட்டு நீங்களும் மெல்லக் கையைத் தூக்கிவிடுவீர்கள், இல்லையா? ஒரு நாடே கை தூக்கியபோதும் தன் கையைத் தூக்காத ஒருவரைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஜீனட் ராங்கின்.

1880-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி, அமெரிக்காவின் மொன்டானா பகுதியில், மிசூலா என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தை பண்ணை நடத்தினார். தாய் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வீட்டுக்கு மூத்த பிள்ளையான ஜீனட், 1902-இல் உயிரியலில் பட்டம் பெற்றார். சில காலம் ஆசிரியையாக இருந்தார்; தையல் வேலையும் செய்தார்.

அந்நாளில் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. அதற்காக ஊர் ஊராகச் சென்று பேசினார் ஜீனட். 1914-இல் மொன்டானா பெண்களுக்கு அந்த உரிமை கிடைத்தது. 1916-இல் அவரே தேர்தலில் வென்று, அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

அதே தேர்தலில் மீண்டும் அதிபரானவர் உட்ரோ வில்சன். ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. நாட்டைப் போரில் சிக்காமல் காத்தவர் என்று சொல்லித்தான் அவருக்கு ஓட்டுக் கேட்டார்கள். ஆனால் ஐந்தே மாதங்களில் நிலைமை மாறியது. ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அமெரிக்கக் கப்பல்களை மூழ்கடித்தன. மக்கள் கோபம் கொண்டார்கள். 1917 ஏப்ரல் 2-ஆம் தேதி ஜீனட் பதவியேற்றார். அன்று மாலையே வில்சன் போருக்கு அனுமதி கேட்டார்.

எதிர்த்து ஓட்டுப் போட்டால் பெண்களின் ஓட்டுரிமைக்கே கேடு வரும் என்று தோழிகள் பலர் எச்சரித்தார்கள். ஜீனட் எதிர்த்தே ஓட்டுப் போட்டார். ஆதரவு 373, எதிர்ப்பு 50. அவரோடு 49 ஆண்களும் எதிர்த்திருந்தார்கள். ஆனாலும் பத்திரிகைகள் பலவும் அவரைத்தான் குறிவைத்தன. 1918-இல் செனட் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

போர் முடிந்த பிறகு மக்கள் மனம் மாறியது. 1934 முதல் 1936 வரை செனட் குழு ஒன்று விசாரணை நடத்தி, ஆயுத வியாபாரிகள் போரில் பெரும் லாபம் அடைந்ததை வெளிப்படுத்தியது. இனிப் போரே வேண்டாம் என்று பலரும் பேசினார்கள். 1940-இல் ஜீனட் மறுபடியும் வென்றார்.

1941 டிசம்பர் 7-ஆம் தேதி, பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பான் விமானங்கள் குண்டு வீசின. 2,400 பேருக்கு மேல் இறந்தனர். மறுநாளே ஓட்டெடுப்பு. ஆதரவு 388. எதிர்ப்பு ஒன்றே ஒன்று! அந்த ஒன்று ஜீனட்டுடையது. பெண்ணான தான் போர்முனைக்குப் போக முடியாதபோது, பிறரை அங்கே அனுப்ப முடியாது என்பது அவர் சொன்ன காரணம். சபையில் கூச்சல் எழுந்தது. வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. தொலைபேசிக் கூண்டுக்குள் ஒதுங்கிய அவரைப் போலீசார் வந்து அழைத்துச் சென்றனர். அடுத்த தேர்தலில் அவர் போட்டியிடவே இல்லை.

அவர் செய்தது சரியா? தாக்கப்பட்ட நாடு சும்மா இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கேள்வியும் நியாயமானதே.

பின்னர், காந்தியடிகளின் அறவழியை அறிந்துகொள்ள இந்தியாவுக்குப் பலமுறை வந்தார் ஜீனட்.

1964 ஆகஸ்ட் மாதம். அதிபர் தேர்தலுக்கு மூன்றே மாதங்கள் இருந்தன. வியட்நாம் கடற்பகுதியில் அமெரிக்கக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாக அதிபர் ஜான்சன் அறிவித்தார். உடனே வட வியட்நாம் மீது குண்டு வீச உத்தரவிட்டார். தாம் உறுதியானவர் என்று காட்ட வேண்டிய கட்டாயமும் அவருக்கு இருந்தது. பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரித்தனர், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஜீனட் அப்போது சபையில் இல்லையே! இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்காலத்தில்தான் தெளிவானது. அதற்குள் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும், பல லட்சம் வியட்நாம் மக்களும் மாண்டு போயிருந்தார்கள்.

1968 ஜனவரி 15-ஆம் தேதி வாஷிங்டனில் சுமார் 5,000 பெண்கள் அந்தப் போரை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். தலைமை தாங்கியவர் ஜீனட். வயது 87!

1973 மே 18-ஆம் தேதி, 92-ஆம் வயதில் அவர் காலமானார். யாரைக் கூட்டம் துரத்தியதோ, அவருக்கு 1985-இல் அதே நாடாளுமன்றக் கட்டடத்தில் சிலை வைத்தார்கள்.

குழந்தைகளே! எந்த நாட்டுத் தலைவராவது போர் வேண்டும் என்று சொன்னால், சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நடந்ததாகச் சொல்வதற்கு ஆதாரம் என்ன? இதனால் லாபம் யாருக்கு? போர்முனைக்குப் போகப் போவது யார் வீட்டுப் பிள்ளை? பதில் கிடைத்த பிறகு கையைத் தூக்குவதா, வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து மட்டும் தூக்கிவிடாதீர்கள்!