கணித சாரம் தந்த மகாவீராசாரியர்

மகாவீரர் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமானப் பெருமானின் திருவுருவமேயாகும். அத்திருநாமத்தைத் தாங்கிய ஆசாரியர் ஒருவர் பிற்காலத்தே கணிதத் துறையில் பெரும் புகழ் எய்தினார். நம் இல்லங்களில் அவர் பெயரை அறிந்த சிறுவர் சிலரே என்பதால், அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகத் தருகின்றோம்.

மான்யகேடத்தைத் தலைநகராகக் கொண்டு கி.பி. 814 முதல் 878 வரை ஆண்ட இராஷ்டிரகூட வேந்தன் அமோகவர்ஷ நிருபதுங்கன். ஜினசேனாசாரியரைக் குருவாகப் போற்றிய அம்மன்னன் காலத்தில், 850-ஆம் ஆண்டையொட்டி, நம் ஆசாரியர் 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலை வடமொழியில் அருளிச்செய்தார். அவருக்கு முன் ஆரியபட்டரும் பிரமகுப்தரும் கணக்கை வான நூலின் உறுப்பாகவே வைத்துப் பாடினர். இவரோ கணக்குக்கென்றே தனிநூல் செய்தார். சமைப்பவர்க்கும் மருத்துவர்க்கும் மனை கட்டுவோர்க்கும் இசைவாணர்க்கும் கணக்கு வேண்டும் என்று தொடக்கத்திலேயே உணர்த்துகின்றார்.

அவர் தரும் கணக்கொன்றைக் காண்போம். 9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107; 7 நார்த்தையும் 9 விளாவும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றின் விலை யாது? இன்று பள்ளியில் இரு சமன்பாடுகள் எழுதித் தீர்ப்பதை அவர் குறியீடின்றியே தீர்க்கின்றார். பெரிய விலையைப் பெரிய எண்ணாலும், சிறிய விலையைச் சிறிய எண்ணாலும் பெருக்க வேண்டும். 107-ஐ 9-ஆல் பெருக்க 963, 101-ஐ 7-ஆல் பெருக்க 707, கழித்தால் 256. அடுத்து, 9, 7 ஆகியவற்றின் வர்க்கங்கள் 81, 49. அவற்றின் வேறுபாடு 32. 256-ஐ 32-ஆல் வகுக்க, நார்த்தம்பழம் ஒன்றின் விலை 8. ஒன்பது நார்த்தைக்கு 72 போக எஞ்சிய 35, ஏழு விளாவின் விலை. ஆகவே விளாம்பழம் ஒன்று 5. கடைத்தெருவுக்குச் செல்லும் எவர்க்கும் விளங்கும் கணக்கன்றோ இது! யானைக் கூட்டமும் வண்டினமும் அவர் கணக்குகளில் வருகின்றன. காதலர் ஊடலில் அறுந்து சிதறிய முத்துமாலையும் வருகின்றது. அருகனை வணங்கித் தொடங்கிய நூலில் இதுவுமா என வியக்க வேண்டா, மாணவர் மனம் அறிந்தவர் அவர்.

பின்னங்களைக் கூட்ட மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் முறையையும், குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்பதையும் தெளிவாக உரைத்தார். பூச்சியத்தால் வகுத்தாலும் எண் மாறாது என்று அவர் கூறியதோ பிழையே. ஆசாரியர் வாக்கு என்பதற்காக அதனை மறைத்தல் நமக்குத் தகாது.

பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். பின்னர் அறிஞருலகின் பார்வைக்கு எட்டாதிருந்த நூலை, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ம. ரங்காசாரியார் கிரந்த, கன்னட எழுத்துக் கைப்பிரதிகளை ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் சென்னையில் பதிப்பித்தார். அதன் பின்னரே மேலைநாட்டார் இவர் பெருமையை உணர்ந்தனர்.

மாலைபோல் அமையும் பெருக்கற்பலன்களும் அந்நூலில் உண்டு. 12345679-ஐ 9-ஆல் பெருக்குமாறு இன்று மாலையே உங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் சொல்லுங்கள். விடையை நாம் இங்கு எழுதவில்லை.