துறவுக்குப் பிறகு தொடங்கிய வேலை

மண்டைதீவில் இருக்கும் என் மாமா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 1990 ஆகஸ்டில் தீவகத்தில் நடந்த படை நடவடிக்கையின்போது எங்கள் குடும்பமும் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. நான் அப்போது கைக்குழந்தை. அந்த நாள்களில் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் மாமாவின் மூத்த மகனும் ஒருவர். பல வருடங்கள் கழித்து மாமா ஊர் திரும்பினார். கிணற்றடியும் கோயில் வீதியுமாகத் தன் உலகத்தைச் சுருக்கிக்கொண்டார்.

சென்ற மாதம் சனசமூக நிலையத்துக்காரர் மாலை வகுப்புக்கு ஆள் கேட்டு வந்தார்கள். தான் எல்லாவற்றையும் விட்டாயிற்று, இனி விபுலானந்தரைப் போலத் துறவிதான் என்று மாமா அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒப்பீடு என்னை உறுத்தியது. அன்றிரவு சுவாமியின் வாழ்க்கையை மறுபடி எடுத்துப் படித்தேன்.

1892 இல் காரைதீவில் பிறந்தவர் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்து, கொழும்பில் விஞ்ஞானம் பயின்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் தேறினார். யாழ்ப்பாணம் வந்து சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். லண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்று, 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். மதிப்பும் சம்பளமும் உள்ள பதவி அது. 1922 இல் அதை விட்டுவிட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். அப்போது அவருக்கு வயது முப்பது. 1924 இல் காவி உடுத்து விபுலானந்தரானார்.

மாமா நினைப்பதுபோல் கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் 1925 இல் அவர் இலங்கை திரும்பி, மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அங்கேயும் பக்கத்துத் திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1939 இல் இமயமலையில் உள்ள மாயாவதி ஆச்சிரமத்துக்குப் போனதும் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியர் வேலைக்காகத்தான். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழ் யாழ்களைக் கணிதமும் பௌதிகமும் கொண்டு ஆராய்ந்த யாழ் நூலை 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். அடுத்த மாதம், ஜூலை 19 இல், காலமானார். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில், அந்தப் பாடசாலை வளவில்தான் இருக்கிறது.

அவர் விட்டது குடும்பத்தையும் சொந்தச் சேமிப்பையும். பிள்ளைகளை அவர் விடவில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவராக இல்லாததால்தான் பல வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரால் நேரம் கொடுக்க முடிந்தது என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இதை மாமாவிடம் போய்ப் பாடமாக ஒப்புவிக்க எனக்கு மனம் வரவில்லை. சுவாமி தானாக விரும்பி விட்டார். மாமாவிடமிருந்து பறித்தார்கள். பறிகொடுத்தவர் ஒதுங்கி இருப்பதைத் துறவு என்று சொல்ல முடியாது. அது ஆறாத காயம். பதில் கிடைக்காமல் முப்பது வருடத்துக்கு மேல் காத்திருக்கும் ஒருவரைச் சமூக சேவைக்கு வா என்று கண்டிக்க யாருக்கும் உரிமை இல்லை.

எனக்கு அந்தச் சாட்டு இல்லை. முப்பதுகளில் இருக்கிறேன், படித்திருக்கிறேன். எழுதினால் போதும், ஊர் வேலை மற்றவர்களுடையது என்று இதுவரை ஒதுங்கி நின்றவன் நான். சனிக்கிழமை வகுப்புக்கு என் பெயரைக் கொடுத்தேன்.

போன கிழமை மாமாவிடம் அதைச் சொன்னேன். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு பேர், ஆறாம் ஏழாம் வகுப்பு என்றேன். பின்னக் கணக்கில் இருந்து தொடங்கு என்றார்.